இரண்டு எஞ்சின் விமானியின் தேர்வு

ஒருவர் செய்யும் வேலையை இருவர் சேர்ந்து செய்தால் பாரம் குறையும். ஒருவர் தளர்ந்தவிடத்து மற்றவர் தாங்குவார். இஃது உலகியல். ஆகவே, ஓர் எஞ்சினால் பறக்கும் விமானத்தைவிட இரண்டு எஞ்சின்களால் பறக்கும் விமானமே பாதுகாப்பானது என்று எவரும் எளிதிற் கூறிவிடுவர். அக்கூற்று உண்மையே. ஆயினும், அதனுள் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. ஓர் எஞ்சின் ஓய்ந்த வேளையில் மற்றோர் எஞ்சினை ஆளத் தெரிந்த விமானி ஒருவர் இருத்தல் வேண்டும் என்பதே அந்நிபந்தனை. அவ்வறிவைப் பெறாதவர் கையில் இரண்டாம் எஞ்சின் துணையாக நில்லாது, பகையாகவே மாறிவிடும். இது பற்றியே, ஓர் எஞ்சின் விமானத்தை ஓட்டச் சான்றிதழ் பெற்றவரும், தனியாகப் பயின்று, தனியாக ஒரு தேர்வில் வென்ற பின்னரே இரண்டு எஞ்சின் விமானத்தைத் தலைமையேற்று ஓட்டலாம் என்று நாடுகள் விதித்திருக்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அத்தேர்வு நடைபெறும் முறையையும், அதற்காக ஒருவர் கற்க வேண்டியவற்றையும் இங்குக் காண்போம்.

முதன்முதலில், எஞ்சின்களின் எண்ணிக்கையைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. 1903 டிசம்பர் 17-ஆம் நாள் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தில் எஞ்சின் ஒன்றே இருந்தது. அது சங்கிலிகளின் வாயிலாக இரண்டு உந்து விசிறிகளைச் சுழற்றியது. 1927-ஆம் ஆண்டு மே மாதத்தில் சார்லஸ் லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசு மாநகருக்குத் தன்னந்தனியராய் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிப் பறந்தார். முப்பத்து மூன்றரை மணி நேரம் பறந்த அவ்விமானத்துக்கும் எஞ்சின் ஒன்றே. மூன்று எஞ்சின்கள் இருப்பின் பழுது நேரும் வாய்ப்பும் மும்மடங்காகும் என்பது அவர் கருதியது. அக்கருத்துப் புறக்கணிக்கத் தக்கதன்று. ஒன்று பழுதானாலும் மற்றவை விமானத்தைத் தாங்கவல்லனவாக இருந்தாலன்றோ எஞ்சின்கள் பலவாக இருப்பதனாற் பயன் உண்டு?

இவ்வினாவுக்கு விடை காண முற்பட்டது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிறுவனம் ஒன்று. 1932-இல் அது விமானம் கட்டுவோருக்கு ஒரு கடிதம் விடுத்தது. தன் வழியிலுள்ள எந்த விமான நிலையத்திலும், ஓர் எஞ்சின் ஓய்ந்த நிலையிலும், முழுச் சுமையோடு மேலெழ வல்ல விமானமே தனக்கு வேண்டும் என்று அதில் வற்புறுத்தியது. டக்ளஸ் நிறுவனத்தார் 'டி.சி.1' என்னும் இரண்டு எஞ்சின் விமானத்தை உருவாக்கினர். 1933 செப்டம்பரில் அது உயரமான இடத்திலுள்ள வின்ஸ்லோ என்னும் ஊரிற் சோதிக்கப்பெற்றது. கிளம்பும்போதே ஓர் எஞ்சின் நிறுத்தப்பட்டது. எனினும் அவ்விமானம் ஒற்றை எஞ்சினால் மேலெழுந்து ஆல்புகெர்க்கி நகரம் வரை பறந்து சென்றது. அதன் வழித்தோன்றலாக 1935-இல் முதன்முறை பறந்த 'டி.சி.3' உலகெங்கும் புகழ் பெற்றது. இன்று பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய விமானங்கள் யாவும், ஓர் எஞ்சின் ஓய்ந்தாலும் மேலெழும் ஆற்றல் உடையனவாக இருத்தல் வேண்டும் என்பது சட்டம்.

ஆனால், பயிற்சிக்குப் பயன்படும் சிறிய இரண்டு எஞ்சின் விமானங்களின் நிலை வேறு. ஓர் எஞ்சின் நின்ற பின் அவை மேலெழுந்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் அவற்றுட் பலவற்றுக்கு இல்லை. வெப்பம் மிகுந்த நாளில், உயரமான ஊரில், நிறைந்த சுமையோடு செல்லும்போது ஓர் எஞ்சின் ஓயுமாயின், எஞ்சியுள்ள ஒன்று அவ்விமானத்தை மேலே ஏற்றாது. அது கீழிறங்குவதை மெதுவாக்க மட்டுமே உதவும். மாணவர் கற்கும் முதற்பாடம் இதுவே.

இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றால் விசையிற் பாதி குறையும். மேலெழும் ஆற்றலும் பாதியே குறையும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் மேலெழும் ஆற்றலில் நூற்றுக்கு எண்பது பங்கும் அதற்கு மேலும் குறைந்துவிடுகிறது. இதன் காரணம் யாது? ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கு நூறு ரூபாய் ஈட்டுவதாகக் கொள்வோம். குடும்பச் செலவு எண்பது ரூபாய். இருநூறு ரூபாய் வருவாயில் எண்பது போக, நூற்றிருபது மிச்சமாகும். தம்பி நோயுற்றுப் படுத்துவிட்டால் வருவாய் நூறு. செலவோ அதே எண்பது. மிச்சம் இருபதே. வருவாய் பாதியாகக் குறைந்தது. மிச்சமோ ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. விமானத்தை ஒரே உயரத்தில் நிறுத்தி வைக்கச் செலவாகும் விசை அக்குடும்பச் செலவு போன்றது. மேலே ஏற்றுவதற்கு உதவும் விசை அந்த மிச்சம் போன்றது. படுத்துவிட்ட தம்பிக்கு மருந்துச் செலவும் சேருமாயின் இருபது ரூபாயும் கரைந்துபோகும் அன்றோ? விமானத்திலும் அத்தகைய மருந்துச் செலவு ஒன்று உண்டு. ஓய்ந்த எஞ்சினின் உந்து விசிறி, எதிர்க்காற்றினாற் காற்றாடி போலச் சுழன்று, விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். அச்செலவை நிறுத்தும் வழியைப் பின்னர்க் காண்போம்.

மேலெழும் ஆற்றல் குறைவது ஓர் இடர். அதனினும் பெரிய இடர் விமானம் திசை திரும்புவது. இரட்டை மாட்டு வண்டியில் இடப்பக்கத்து மாடு திடீரென நின்றுவிட, வலப்பக்கத்து மாடு மட்டும் முன்போலவே இழுத்தால் வண்டி எப்பக்கம் திரும்பும்? இடப்பக்கமே திரும்பும். விமானமும் அவ்வாறே ஓய்ந்த எஞ்சினின் பக்கம் திரும்பும். வண்டி சாலையில் நிற்கிறது. விமானமோ வெளியில் தொங்குகிறது. ஆதலால் அது திரும்புவதோடு நில்லாமல் அப்பக்கமே சாய்ந்து கவிழவும் முற்படும். அதனைத் தடுக்க விமானி தம் காலால் மிதிகட்டையை அழுத்தி, வாலிலுள்ள சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். ஓடும் எஞ்சினின் பக்கமாக விமானத்தை ஐந்து பாகைக்கு மேற்படாமற் சாய்த்துக்கொள்வதும் உதவியாகும்.

சுக்கானின் ஆற்றல் அதன்மீது பாயும் காற்றின் வேகத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் சுக்கானின் விசை காற்பங்காகிவிடும். எனவே, விமானத்தின் வேகம் குறையக் குறைய, சுக்கான் முழுவதும் திரும்பியிருந்தும் ஓடும் எஞ்சினின் இழுப்பை அடக்க முடியாத ஒரு நிலை வந்தே தீரும். அந்த எல்லையைக் 'கட்டுப்பாட்டின் குறைந்த அளவு வேகம்' என்பர். வேகங்காட்டும் கருவியில் அஃது ஒரு சிவப்புக் கோட்டினாற் குறிக்கப்பெற்றிருக்கும். அதனருகில் நீலக்கோடு ஒன்றும் உண்டு. ஓர் எஞ்சினால் மிக நன்றாக மேலெழுவதற்கு உரிய வேகம் அது. பயிற்சிக்குப் பெரிதும் பயன்படும் 'பைப்பர் செமினோல்' விமானத்தில் சிவப்புக்கோடு 56 நாட்டிலும், நீலக்கோடு 88 நாட்டிலும் உள்ளன. அவை மணிக்கு முறையே சுமார் 104 கிலோமீட்டரும் 163 கிலோமீட்டரும் ஆகும். ஓர் எஞ்சின் ஓய்ந்தபோது நீலக்கோடு விமானியின் உயிர்நாடி; சிவப்புக்கோடு தாண்டலாகாத வேலி.

அச்சிவப்புக்கோடும் என்றும் மாறாத ஒன்றன்று. விமானத்தின் எடை பின்பக்கம் மிகுந்திருந்தால், எடை மையத்துக்கும் சுக்கானுக்கும் இடையேயுள்ள தூரம் குறைகிறது. நெம்புகோலின் கை குறுகினால் அதன் ஆற்றல் குறைவது போலச் சுக்கானின் ஆற்றலும் குறையும்; கட்டுப்பாட்டுக்கு முன்னிலும் மிகுந்த வேகம் வேண்டியிருக்கும். உயரே செல்லச் செல்லக் காற்று மெலிந்து எஞ்சினின் விசை குறைவதால் கட்டுப்பாடு இழக்கும் வேகமும் குறையும். எனினும், இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழந்து விமானம் விழத் தொடங்கும் வேகம், கருவி காட்டும் கணக்கில், பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே, ஓர் உயரத்தில் இவ்விரு வேகங்களும் ஒன்றாகிவிடும். அங்கே ஒருபக்க இழுப்போடு விமானம் விழத் தொடங்கினால் அது பம்பரம் போலச் சுழன்று வீழும்.

இரண்டு எஞ்சின்களுள் எது ஓய்ந்தாலும் தீங்கு ஒன்றே எனக் கொள்ளுதலும் தவறு. விமானியின் இடத்திலிருந்து பார்க்க, உந்து விசிறிகள் இரண்டும் வலஞ்சுழியாகச் சுழலும் விமானங்கள் பல. அவை மூக்கை உயர்த்தி மெதுவாகப் பறக்கும்போது, விசிறியின் கீழிறங்கும் இதழே மிகுதியாக இழுக்கும். அவ்விதழ் வலப்பக்கம் இருப்பதால், வலப்பக்க எஞ்சினின் இழுப்பு விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகியும், இடப்பக்க எஞ்சினின் இழுப்பு நடுக்கோட்டுக்கு அண்மையிலும் அமையும். எனவே, இடப்பக்க எஞ்சின் ஓய்ந்து வலப்பக்க எஞ்சின் ஓடுதலே பெருந்தீங்கு விளைக்கும். அவ்விமானங்களில் இடப்பக்க எஞ்சினே 'நெருக்கடி எஞ்சின்' எனப்படும். செமினோல் போன்றவற்றில் இரு விசிறிகளும் எதிரெதிராகச் சுழலுமாறு அமைத்து இவ்வேறுபாட்டைப் போக்கியுள்ளனர்.

இனி, ஓர் எஞ்சின் ஓய்ந்தபோது விமானி செய்ய வேண்டுவன யாவை? முதலில் விமானத்தை நேராக நிறுத்தி, வேகத்தை நீலக்கோட்டிற் காத்தல் வேண்டும். பின்னர் இரு எஞ்சின்களின் நெம்புகோல்களையும் முழு விசைக்குத் தள்ளி, இறக்கை மடல்களையும் சக்கரங்களையும் உள்ளடக்க வேண்டும். அதன் பின்னரே ஓய்ந்த எஞ்சின் எது என்று அறிய முற்பட வேண்டும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இடப்பக்க எஞ்சின் ஓய்ந்தால் விமானம் இடப்பக்கம் திரும்பும். அதனைத் தடுக்க விமானியின் வலக்கால் உழைக்கும். இடக்கால் வாளா இருக்கும். உழைக்காத கால் எப்பக்கமோ, உழைக்காத எஞ்சினும் அப்பக்கமே. ஆயினும், இவ்வளவில் முடிவு செய்துவிடலாகாது. ஓய்ந்தது எனக் கருதும் எஞ்சினின் விசை நெம்புகோலை மெல்லப் பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். ஒலியிலும் திசையிலும் மாறுதல் தோன்றாவிடின் கருத்துச் சரி; மாறுதல் தோன்றினால், கை வைத்தது நல்ல எஞ்சினில் என்பது தெளிவு.

இது சிறுபிள்ளைக்கும் விளங்கும் முறைதானே, இதற்குப் பயிற்சி எதற்கு என்று எண்ணத் தோன்றும். 1989 ஜனவரி 8-ஆம் நாள் இங்கிலாந்தில் நடந்தது அதற்கு விடை கூறும். லண்டனிலிருந்து பெல்பாஸ்ட் நகருக்குச் சென்றுகொண்டிருந்த போயிங் விமானம் ஒன்றில், இடப்பக்க எஞ்சினின் விசிறித் தகடு முறிந்தது. விமானம் அதிர்ந்தது, புகை நாற்றம் பரவிற்று. பழுது வலப்பக்கத்தது எனக் கருதி, விமானிகள் வலப்பக்க எஞ்சினின் விசையைக் குறைத்துப் பின் அதனை நிறுத்திவிட்டனர். அவ்வேளையில் அதிர்வு தற்செயலாகக் குறைந்தது. தாம் செய்தது சரியென்றே அவர்கள் நம்பினர். பயணிகளுட் சிலர் இடப்பக்க எஞ்சினிலிருந்து தீப்பொறி பறந்ததைக் கண்டிருந்தனர். விமானி வலப்பக்க எஞ்சினைப் பற்றி அறிவித்ததையும் கேட்டனர். எனினும் அவரிடம் அதனைச் சொல்ல எவரும் முன்வரவில்லை. இறங்கும் வேளையில் இடப்பக்க எஞ்சின் முற்றும் செயலிழந்தது. கெக்வொர்த் என்னும் ஊரருகே, ஓடுபாதையை எட்டுமுன், நெடுஞ்சாலைக் கரையில் விமானம் மோதிற்று. அதிலிருந்த 126 பேரில் 47 பேர் மாண்டனர்.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2015 பிப்ரவரி 4-ஆம் நாள், தைவான் நாட்டின் தைப்பே நகரில் இதே பிழை மீண்டும் நிகழ்ந்தது. கிளம்பிய சிறிது நேரத்தில் ஒரு விமானத்தின் வலப்பக்க எஞ்சின் விசை இழந்தது. விமானி நிறுத்தியதோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடப்பக்க எஞ்சினை. விமானம் ஆற்றில் வீழ்ந்தது. 58 பேரில் 43 பேர் உயிரிழந்தனர். இவ்விமானங்களை ஓட்டியவர்கள் நேற்றுப் பயின்றவர்கள் அல்லர். முறையை அறியாமையால் அன்று, முறையைக் கடைப்பிடிக்கும் முன்னரே கை விரைந்தமையால் இக்கேடு விளைந்தது.

அவ்வாறாயின் எவ்வளவு நேரமும் காத்திருந்து முடிவு செய்யலாமோ எனின், அதுவும் இயலாது. ஓய்ந்த எஞ்சினின் விசிறி காற்றாடி போலச் சுழன்று விமானத்தைப் பின்னிழுக்கும் என முன்னர்க் கண்டோம். அவ்விசிறியின் இதழ்களைத் திருப்பி, அவற்றின் விளிம்பு காற்றுக்கு நேராக நிற்குமாறு செய்தால் பின்னிழுப்பு அடங்கும். இதனை 'இறகு நிலை' என்று சொல்லலாம். பல சிறு விமானங்களில், எஞ்சினின் சுழற்சி நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றுக்குக் கீழே குறைந்துவிட்டால், தரையில் எஞ்சினை நிறுத்தும்போது பயன்படும் பூட்டு ஊசிகள் விழுந்து, இதழ்கள் திரும்பாதபடி தடுத்துவிடும். எனவே, பிந்தினால் இறகு நிலை கிட்டாது. முந்தினால் நல்ல எஞ்சினே நின்றுபோகும். இவ்விரண்டுக்கும் நடுவே விரைந்தும் பதறாமலும் செயற்படும் கையைப் பெறுவதே பயிற்சியின் நோக்கம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஓர் எஞ்சின் விமானத்துக்குரிய சான்றிதழைப் பெற்ற ஒருவர், அதே நிலையில் இத்தகுதியையும் சேர்த்துக்கொள்ள விரும்பினால், புதிதாக எழுத்துத் தேர்வு எழுத வேண்டுவதில்லை. இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்னும் வரையறையும் இல்லை. 'இவர் தகுதியுடையவர்' என்று பயிற்றாசிரியர் மாணவரின் பறப்புக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பின்னர் மாணவர் செய்முறைத் தேர்வில் வெற்றி பெற வேண்டும். மணிக்கணக்கு இல்லாமையால் இஃது எளிது என எண்ணுதல் கூடாது. கணக்கின் இடத்தில் ஆசிரியரின் மனச்சான்று அமர்ந்திருக்கிறது. ஆதலால், நல்லாசிரியர் ஒருவர் விமானம் தரையில் நிற்கும்போதே மாணவரை விமானியறையில் அமர்த்தி, நெம்புகோல்களைத் தொட்டுத் தொட்டு முறையைச் சொல்லச் செய்கிறார். கண்ணை மூடியும் கை உரிய நெம்புகோலுக்குச் செல்லும் அளவுக்கு அப்பாடம் திரும்பத் திரும்ப நடைபெறும்.

தேர்வு நாளன்று, அரசின் அனுமதி பெற்ற தேர்வாளர் முதலில் மாணவரின் சான்றுகளையும் விமானத்தின் ஏடுகளையும் பார்வையிடுவார். பின்பு வாய்மொழி வினாக்கள் தொடங்கும். "இன்றைய வெப்பத்தில், இந்தச் சுமையோடு, ஓர் எஞ்சினால் இவ்விமானம் மேலெழுமா? ஓடுபாதையிலேயே எஞ்சின் ஓய்ந்தால் நிறுத்துவதற்கு எவ்வளவு நீளம் வேண்டும்? கட்டுப்பாட்டின் குறைந்த அளவு வேகத்தைக் கூட்டுவன யாவை, குறைப்பன யாவை?" என்றெல்லாம் அவர் கேட்பார். மனப்பாடம் செய்த விடை அவருக்குப் போதாது, காரணமும் வேண்டும்.

பின்னர் இருவரும் விமானத்தில் ஏறுவர். கிளம்புமுன் மாணவர் தம் முடிவுகளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "ஓடுபாதையில் எஞ்சின் ஓய்ந்தால் இரு எஞ்சின்களின் விசையையும் அடக்கி நிறுத்துவேன். தரையை விட்டெழுந்த பின் ஓய்ந்து, பாதை இன்னும் எஞ்சியிருந்தால் நேரே இறங்குவேன். பாதை முடிந்துவிட்டால் நீலக்கோட்டு வேகத்தைக் காத்து மேலெழுவேன். எழ இயலாவிடின் கட்டுப்பாட்டோடு எதிரிலுள்ள வெளியில் இறங்குவேன்." ஆபத்து வந்த பின் சிந்திக்க நேரம் இராது. ஆதலால் சிந்தனை முன்னதாகவே முடிந்துவிடுகிறது.

தேர்வாளர் எதிர்பாராத வேளைகளில் ஓர் எஞ்சினின் விசையைக் குறைத்து, அது பழுதானது போலக் காட்டுவார். அவருக்கும் வரம்புகள் உண்டு. ஓடுபாதையிற் காட்டுவதாயின், சிவப்புக்கோட்டு வேகத்திற் பாதியை எட்டுமுன் காட்ட வேண்டும். கிளம்பிய பின்னராயின், 400 அடிக்குக் கீழே காட்டலாகாது. ஓர் எஞ்சினை மெய்யாகவே நிறுத்தி இறகு நிலைக்குக் கொணரும் பகுதி, தரையிலிருந்து 3,000 அடிக்குக் குறையாத உயரத்தில், வேண்டின் பாதுகாப்பாக இறங்குதற்கு வாய்ப்பான இடத்தில் நடைபெறும். மாணவர் நீலக்கோட்டு வேகத்தை ஐந்து நாட்டுக்குள்ளும், திசையைப் பத்துப் பாகைக்குள்ளும் காத்துப் பறக்க வேண்டும். இறுதியில், ஓர் எஞ்சினின் உதவியால் மட்டும் ஓடுபாதையில் ஒழுங்காக இறங்கியும் காட்ட வேண்டும்.

இத்தேர்வில் ஆழ்ந்த பொருளுடைய பகுதி ஒன்று உண்டு. ஓர் எஞ்சினின் விசையைக் குறைத்துவிட்டு, மற்றொன்றை முழு விசையில் ஓட்டி, மாணவர் வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வருவார். சுக்கான் முழுவதும் திரும்பியும் விமானத்தின் மூக்கு விலகத் தொடங்கும் கணத்தில் அவர் செய்ய வேண்டுவது யாது? ஓடும் நல்ல எஞ்சினின் விசையைக் குறைத்து, மூக்கைத் தாழ்த்த வேண்டும். ஒன்று ஓய்ந்திருக்கும்போது உள்ள மற்றொன்றையும் அடக்குவது அறிவீனம் போலத் தோன்றும். தரை நெருங்கும் வேளையில் மூக்கைத் தாழ்த்த எவர் மனமும் இசையாது. ஆயினும், கட்டுப்பாடற்ற வலிமையைவிடக் கட்டுப்பாட்டுக்கு அடங்கிய சிறு வலிமையே உயிரைக் காக்கும். வண்டி குடைசாயும்போது முரண்டி இழுக்கும் மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடிப்பவனே அறிவுடைய வண்டிக்காரன்.

எல்லாப் பகுதிகளிலும் வென்றவருக்கு அன்றே தற்காலிகச் சான்றிதழ் கிடைக்கும். தவறியவருக்கு எப்பகுதியில் தவறினார் என்பது எழுதித் தரப்பெறும். அவர் ஆசிரியரிடம் மீண்டும் பயின்று, அறுபது நாட்களுக்குள் வருவாராயின், முன்னர் வென்ற பகுதிகளுக்குரிய பயனை இழவாது, தவறிய பகுதிகளை மட்டும் செய்துகாட்டும் வாய்ப்பைப் பெறுவார். தவறுதல் மானக்கேடன்று. தேர்வாளர் முன்னிலையில் 3,000 அடி உயரத்தில் வெளிப்படும் பிழை திருத்தத்தக்கது; பயணிகளோடு இருநூறு அடி உயரத்தில் வெளிப்படும் பிழைக்குத் திருத்தம் இல்லை.

இரண்டாம் எஞ்சின் என்பது விமானத்துக்குக் கிடைத்த துணை. அத்துணையைத் துணையாகவே வைத்திருப்பது விமானியின் அறிவு. நல்ல காலத்தில் எவரும் விமானம் ஓட்டலாம். துணைகளுள் ஒன்று திடீரென விலகும் போது, பதறாமல் நிலையை நேராக்கி, எது ஓய்ந்தது என்று ஆராய்ந்து, ஆராய்ந்ததை மீண்டும் சோதித்து, அதன்பின் கை வைப்பவரே விமானி எனத் தக்கவர்.